ராமா என்னும் பெயர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் என் மகளின் பக்கத்து வீட்டு யூதப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் 'ராமா' என்ற முகாமுக்குப் போகிறார்கள். வேதாகமத்தில் ராமா என்றாலே, தன் பிள்ளைகளை இழந்து அழும் இஸ்ரவேலின் முன்னோர்த்தாய் ராகேலின் குரல்தான் (எரேமியா 31) என் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளின் முகாமுக்கு அப்படியொரு பெயரா? நம் ராமனின் பெயரே அங்கும் சென்றது என்கிறார் நண்பர் ஒருவர். விளக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ராமனுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. எபிரேயத்தில் அது மேட்டு நிலத்தைக் குறிப்பதால், வேதாகமத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் அப்பெயரில் வருகின்றன. ஒலியை மட்டும் நம்பினால் எபிரேயத்துக்குள்ளேயே வழி தவறிவிடலாம். 1244இல் மறைந்த தொலேதோ நகரத்து அறிஞர் மெயிர் அபுலாஃபியாவை யூதர்கள் 'ராமா' என்றே குறிப்பிடுவார்கள். எழுத்துகள் ஊர்ப்பெயருக்கு உரியவையே என்றாலும், அது 'ரபி மெயிர் ஹலேவி' என்பதன் முதலெழுத்துகளால் அமைந்தது.

கனடாவின் லாப்ரடாரிலும் ஒரு ராமா உண்டு. அங்கே எப்ரோன், நாயீன் என்று வேதாகமப் பெயர்களை ஊர்களுக்கு இட்ட மொராவிய சபை மிஷனரிகள் 1871இல் அதை நிறுவினார்கள். அந்த விரிகுடாவில் கிடைக்கும், ஒளி ஊடுருவும் கல்லைத் தொல்குடிகள் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஈட்டிமுனைகளாகச் செதுக்கி, இன்றைய நியூ இங்கிலாந்து வரை கொண்டுசென்றிருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் இன்று அந்தக் கல்லையும் ராமா என்றே அழைக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு.

இனி உங்கள் முதன்மையான கேள்வி. எருசலேமுக்கு வடக்கே, இன்று அர்-ராம் என்னும் பாலஸ்தீன ஊர் இருக்குமிடமே பென்யமீன் கோத்திரத்து நாட்டு ராமா என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தபின், நாடுகடத்தப்பட இருந்த யூதர்கள் சங்கிலியிட்டு அங்கேதான் வைக்கப்பட்டிருந்தார்கள். தீர்க்கதரிசி எரேமியா விடுவிக்கப்பட்டதும் அங்கேதான். ராகேலின் அழுகையை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் கனம் தெரியும். ஆனால் அடுத்த வசனங்களிலேயே, அழுகையை நிறுத்து, உன் பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்ற வாக்குறுதி வருகிறது. தீர்க்கதரிசி சாமுவேல் பிறந்து, வாழ்ந்து, அடக்கம் செய்யப்பட்ட ஊரின் பெயரும் ராமாதான். சீலோ ஆலயத்தில் விடப்பட்ட சிறுவன் சாமுவேலுக்குத் தாய் அன்னாள் ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துச் சென்றது அந்த ஊரிலிருந்துதான். எனவே இதைத் துக்கப் பெயராக மட்டும் கொள்வது சரியன்று.

முதல் ராமா முகாமைக் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவினர் 1947இல் விஸ்கான்சின் மாநிலத்துக் கோனோவரில் தொடங்கினார்கள். தொழுகையில் மட்டுமன்றி விளையாட்டிலும் சாப்பாட்டு மேசையிலும் பிள்ளைகள் எபிரேயம் பேசிப் பழக வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் 'திக்வா' திட்டத்தை 1970இல் தொடங்கியதை அவர்களுடைய ஆகச் சிறந்த செயலாகக் கருதுகிறேன். மற்ற முகாம்கள் பல இதை எண்ணிப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது அது.