வெளிமாநிலக் கல்லறை இடத்தைப் பெயர் மாற்ற முடியுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். காலமான என் தந்தை நியூஜெர்சி கல்லறைத் தோட்டத்தில் வாங்கிய இரண்டு இடங்களில் ஒன்று காலியாக உள்ளது. அதை என் பெயருக்கு மாற்ற இயலுமா?

பதில்: இயலும், ஆனால் இடம் அமைந்துள்ள நியூஜெர்சியின் சட்டமே இதற்குப் பொருந்தும். உங்கள் தந்தை வாங்கியது பெரும்பாலும் நிலத்தை அன்று, அங்கே அடக்கம் செய்யும் உரிமையை மட்டுமே என்பதால், முதலில் அணுக வேண்டியது கல்லறை நிர்வாகத்தைத்தான். மூலப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், உயில் இருப்பின் நீதிமன்றம் ஏற்றதற்கான நகல், இல்லையேல் வாரிசுகள் அனைவரும் நோட்டரி முன் கையொப்பமிட்ட ஒப்புதல் ஆகியவற்றை நிர்வாகம் பொதுவாகக் கேட்கும். உடன்பிறந்த ஒருவர் மறுத்தாலும் காரியம் இழுபறியாகிவிடும். தாயாரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர் இருந்தால், அந்த இடத்தில் முதல் உரிமை அவருடையதாகவே இருக்கக்கூடும் என்பதால், அவரது சம்மதத்தைப் பெற்ற பின்னரே விண்ணப்பியுங்கள்.