வாசனை மெழுகுவர்த்தி பழகப் பணம் கட்டும் முன்

வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்யப் பழகுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் கேட்பது வகுப்பைப் பற்றி, மீதிப் பேர் கேட்பது வாங்கிய பொருளைப் பற்றி. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கைபேசியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு, கட்டணம் 4,999 ரூபாய். 'அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்' உண்டாம். நாங்கள் செய்யும் மெழுகுவர்த்தியை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். சேரலாமா மேடம்?
(இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: அவசரப்பட்டுப் பணம் அனுப்பிவிடாதீர்கள். மெழுகுவர்த்தி செய்து விற்க எந்தப் பயிற்சிச் சான்றிதழையும் சட்டம் கேட்பதில்லை. 'அரசு அங்கீகாரம்' என்று சொல்பவர்களிடம் எந்தத் துறை, என்ன எண் என்று கேளுங்கள். பல இடங்களில் உத்யம் பதிவு எண்ணைத்தான் காட்டுவார்கள். ஆதாரை வைத்து யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்துகொள்ளும் சிறுதொழில் பதிவு அது. அவர்கள் நடத்தும் பாடத்தை அரசு பார்த்து மதிப்பிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அப்புறம், அதே உத்யம் பதிவைச் 'செய்து தருகிறோம்' என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அரசின் தளத்தில் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது 'திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்ற வாக்குறுதிதான். ஊதுபத்தி, கற்பூரம், காகிதத் தட்டு என்று எத்தனையோ தொழில்களில் இதே பேச்சைக் கேட்டுவிட்டோம். முதலில் மெஷினுக்கோ மூலப்பொருளுக்கோ பணம் வாங்குவார்கள். சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 'தரம் சரியில்லை' என்று தள்ளிவிடுவார்கள். உண்மையாகவே வாங்கப்போகிறவர் என்றால் எத்தனை கிராம் மெழுகுவர்த்தி, என்ன விலை, எத்தனை நாளில் பணம், எந்தக் குறை இருந்தால் நிராகரிப்போம் என்பதை எழுத்தில் தரட்டும். தரத் தயங்கினால் அந்த வாக்குறுதியை மறந்துவிட்டு, வகுப்புக்கு மட்டும் 4,999 ரூபாய் பெறுமா என்று பாருங்கள்.

பெறுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'வகுப்பில் மெழுகுவர்த்தியை எரித்துக் காட்டுவீர்களா?' உருக்கி, ஊற்றி, மேலே காய்ந்த ரோஜா இதழ் வைத்துப் படம் எடுப்பதோடு முடிகிற வகுப்பு பாதி வகுப்புதான். மெழுகுவர்த்தியின் குணம் எரியும்போதுதான் தெரியும். எந்தக் குடுவைக்கு எந்தத் திரி, எரித்துப் பார்த்துவிட்டு எதை மாற்றுவது என்று சொல்லித்தருபவரிடம் கொடுக்கும் பணம் வீண்போகாது.

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி இலவசம். மெழுகுவர்த்திப் பயிற்சி எல்லா மாவட்டத்திலும் எப்போதும் இருக்காது. உங்கள் மாவட்ட மையத்துக்கு போன் செய்து இந்த ஆண்டுப் பயிற்சிப் பட்டியலைக் கேட்டுவிட்டு, அப்புறம் மற்றதை யோசியுங்கள்.

கேள்வி: சோயா மெழுகு கிட் ஒன்றை 1,799 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். '2 கிலோ கிட்' என்று போட்டிருந்தது. அதில் சொன்னபடிதான் செய்தேன். எரிக்கும்போது நடுவில் குழி விழுகிறது, சுற்றி மெழுகு சுவர் மாதிரி அப்படியே நிற்கிறது. பக்கத்தில் போய் முகர்ந்தால்தான் வாசனை. ஏமாற்றிவிட்டார்களா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: எடை விஷயத்தில் உங்களுக்குச் சந்தேகம் வரவேண்டும். '2 கிலோ கிட்' என்பதில் கண்ணாடிக் குடுவை, உருக்கும் பாத்திரம், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்திருக்கலாம். மெழுகை மட்டும் தனியே நிறுத்துப் பாருங்கள். இனி எதை வாங்கினாலும் மெழுகு எத்தனை கிராம், வாசனை எண்ணெய் எத்தனை கிராம் என்று கேட்டு, கிலோ விலைக்குக் கணக்குப் போடுங்கள். கிட்டில் வருவதையே உதிரியாக வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனைப் பக்கம் நயினியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன. நேரில் போய்ப் பேசி வாங்கலாம்.

குழி விழுவதற்குக் காரணம் அநேகமாகத் திரி. குடுவையின் அகலத்துக்குத் திரி சிறிதாக இருந்தால் சூடு ஓரம் வரை போகாது. கிட்டுகளில் ஒரே அளவுத் திரியை எல்லாக் குடுவைக்கும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு வழி இருக்கிறது. மூன்று அளவுகளில் திரி வாங்கி, ஒரே மாதிரியான மூன்று குடுவைகளில், ஒரே நாளில் ஊற்றுங்கள். ஆறியதும் திரியைச் சுமார் 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு மூன்றையும் ஒன்றாகப் பற்றவையுங்கள். 7 சென்டிமீட்டர் அகலக் குடுவை என்றால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு ஓரத்தைத் தொட்டிருக்க வேண்டும். தொடாவிட்டால் திரி சின்னது. சுடர் உயரமாக ஆடி, திரி நுனியில் கரி உருண்டு நின்று, கண்ணாடியில் புகை படிந்தால் திரி பெரிது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் திரி. மெழுகையோ வாசனையையோ மாற்றினால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இதுதான் என்பேன்.

எரிப்பவர் பக்கமும் ஒன்று உண்டு. முதல் தடவை ஏற்றும்போது அரை மணியில் அணைத்துவிட்டால் அந்தக் குழி பிறகு சரியாவது கஷ்டம். முதல் தடவை ஓரம் வரை உருகவிடுங்கள். ஆனால் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள்.

வாசனைக்கு வருவோம். எண்ணெயை ஸ்பூனிலோ மில்லியிலோ அளக்கிறீர்கள் என்றால் அந்தப் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். சோயா மெழுகில் பொதுவாக எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை வாசனை எண்ணெய் சேர்ப்பார்கள். 200 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 16 கிராம். வாசனை வரவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால் மெழுகு ஏற்காமல் எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், சுடரும் கெடும். எந்தச் சூட்டில் சேர்ப்பது, உச்ச அளவு என்ன என்பது மெழுகுக்கு மெழுகு மாறும். அந்த விவரத்தாள் கொடுக்காத கடையில் மெழுகு வாங்காதீர்கள்.

இன்னொன்று, பொறுமை. சோயா மெழுகுவர்த்தி ஊறுகாய் மாதிரி ஊற வேண்டும். மூடிவைத்து ஒன்றிரண்டு வாரம் கழித்து ஏற்றிப் பாருங்கள். உங்கள் கேள்வியைப் பார்த்தால் மறுநாளே ஏற்றியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், கூடவே தெர்மாமீட்டர். தப்பித்தவறி மெழுகில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ எகிறிப் பரவும். பாத்திரத்துக்குப் பொருந்துகிற மூடியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைக்க வேண்டும்.

கேள்வி: '100% இயற்கை மல்லிகை எசென்ஷியல் ஆயில்' 100 மில்லி 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெழுகுவர்த்தியில் போடலாமா? ஊதுபத்திக்குப் போடும் சென்ட் இன்னும் மலிவாக இருக்கிறதே, அது ஆகுமா?
(மதுரை வாசகர்)

பதில்: 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் ஊரிலிருந்து கேட்கிறீர்கள். பூ விலை உங்களுக்குத் தெரியாததா! மல்லியை ஆவியில் வடித்து எண்ணெய் எடுத்தால் அதன் மணமே மாறிவிடும். அதனால் கரைப்பானில் ஊறவைத்துத்தான் மணத்தைப் பிரிக்கிறார்கள். முதலில் கிடைக்கும் கெட்டிப் பொருள் கான்கிரீட். அதைச் சுத்திகரித்தால் அப்சல்யூட். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ தேவைப்படும். சந்தையில் பூ விலை அடிமட்டத்துக்குப் போகும் நாளில் வாங்கினாலும் கிலோ லட்சக்கணக்கில்தான் வரும். 350 ரூபாய் பாட்டிலில் இருப்பது செயற்கை மணம். செயற்கை என்பதில் தவறில்லை, மெழுகுவர்த்திக்கு அதுதான் நன்றாகவும் வரும். ஆனால் '100% இயற்கை' என்று அச்சடித்து விற்பது தவறான விளம்பரம். அந்தக் கடையின் மற்ற வாக்குறுதிகளையும் நான் நம்பமாட்டேன்.

ஊதுபத்தி சென்ட் வேண்டாம். அதில் மணத்தை நீர்க்கச் செய்ய டி.இ.பி. என்ற டைஎதில் தாலேட் கலப்பது சகஜம். பத்தியில் ஊறிக் காய்வதற்கென்று தயாரித்த சரக்கு அது, மெழுகில் சரியாக எரியும் என்று யாரும் உறுதி தர முடியாது. 'மெழுகுவர்த்திக்கானது' என்று எழுதி, பாதுகாப்பு விவரத்தாளும் இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) விதிப்படியான சான்றும் தரும் எண்ணெயை வாங்குங்கள். கேட்டால் அனுப்பிவைக்கிற கடைகள் இருக்கின்றன.

கேள்வி: பாரஃபின் விஷம், சோயாதான் நல்லது என்கிறார்களே?
(வேலூர்)

பதில்: பாரஃபின் என்பது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் மெழுகு. எந்த மெழுகும் சரியாக எரியாவிட்டால் புகையும் கரியும் வரும். திரி சரியாக இருந்து, ஜன்னல் திறந்திருந்தால் இரண்டிலும் பெரிய பயம் இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சோயா என்று சொல்லிக்கூட வாசனை மெழுகுவர்த்தி ஏற்றாமல் இருப்பது நல்லது. 'நச்சற்றது' என்று அட்டையில் போட்டு இரட்டை விலை கேட்பவரிடம் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

உங்கள் ஊர் வெயிலுக்கு நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. குடுவைக்கான சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். மே மாதம் பார்சல் வண்டிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மெழுகையோ மெழுகுவர்த்தியையோ கூரியரில் வரவழைக்காதீர்கள். பழகுவதற்கு நான் பாரஃபினையே சொல்வேன். விலை குறைவு, கெட்டுப்போனால் மறுபடி உருக்கலாம். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாராகிறது.

கேள்வி: கொட்டாங்குச்சியில் ஊற்றி விற்கலாம் என்று ஆசை. அழகாக இருக்குமே?
(பொள்ளாச்சி)

பதில்: அழகுதான், ஆனால் வேண்டாம். கொட்டாங்குச்சி எரியும் பொருள். மெழுகு தீரும் நேரத்தில் சுடர் அடியைத் தொட்டால் குடுவையே பற்றிக்கொள்ளும். சூடு தாங்கும் கண்ணாடி அல்லது தகர டப்பாவே போதும். மெழுகின் மேல் பட்டை, ஏலக்காய், காய்ந்த பூ வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய 12 கண்ணாடிக் குடுவைகளில் ஐந்து விரிசலோடு வந்தன. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் போட்டிருக்கிறதாம். என்ன செய்வது?
(கோவை)

பதில்: அந்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலவரை எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விரிசல் தெரியும்படி, பார்சல் அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விரிசல் விட்ட அந்தக் குடுவைகளில் மட்டும் எதையும் ஊற்றிப் பார்க்காதீர்கள். சூட்டில் கண்ணாடி வெடித்துவிடும்.

கேள்வி: தீபாவளிக்கு அக்கம்பக்கத்தில் விற்கப்போகிறேன். லேபிளில் என்ன போட வேண்டும்?
(தஞ்சாவூர்)

பதில்: முன்கூட்டியே பொதியிட்டு விற்றால் பொதிப்பொருள் விதிகள் 2011 உங்களுக்கும் பொருந்தும். தயாரிப்பவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகாருக்கான தொடர்பு இவை இருக்க வேண்டும். எடை என்றால் மெழுகின் எடை, குடுவையோடு சேர்த்து அல்ல. பொதியிடத் தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுச் சட்டத்தின்கீழ் பதிவும் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. இவற்றோடு, சட்டம் கேட்காவிட்டாலும், 'திரைச்சீலை அருகில் வைக்காதீர்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் திரியை வெட்டுங்கள், ஆளில்லாமல் எரியவிடாதீர்கள்' என்று தமிழில் பெரிய எழுத்தில் அடியில் ஒட்டிக் கொடுங்கள்.