புல்தரையில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்க வேண்டுமா, அதற்கு மருத்துவக் குணம் உண்டா?

பிடுங்குமுன் பூவை ஒருமுறை குனிந்து பாருங்கள். மஞ்சள் நடுவட்டம், சுற்றிலும் வெளிர் இதழ்கள் சுமார் ஐந்து. ஒவ்வொன்றின் நுனியிலும் யாரோ பல்லால் கடித்தது போல மூன்று பிளவு. ஊருக்கு ஊர் பெயர் வேறு: கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூ, மூக்குத்திப்பூ. இத்தனை செல்லப்பெயர் இருந்தாலும் இது நம் மண்ணின் செடியல்ல, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது.

வயலில் அரிவாள் பட்டால் இலையைக் கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிவது கிராமத்து வழக்கம். காயம் ஆறுவதற்கு இது உதவுவதாக விலங்குகளில் நடந்த சோதனைகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் சாலையோர அழுக்கு இலையை ஆழமான காயத்தில் வைப்பது வம்பு. அதற்குத் தையலும் டெட்டனஸ் ஊசியும்தான் சரி. சிராய்ப்புக்கு என்றால்கூட இலையை நன்றாகக் கழுவிவிட்டே பயன்படுத்துங்கள்.

பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் பறந்து பரவும். அதனால் தரை சுத்தமாக வேண்டுமென்றால் பூ முற்றுவதற்குள் பிடுங்கிவிடுங்கள். நான் வேலியோரம் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறேன், காலை வெயிலில் அங்கே சின்னப் பட்டாம்பூச்சிகள் வருகின்றன.