விமான நிலையத்தின் பெயரில் இருக்கும் பாஸ்டர்

தம்பி, ஆகஸ்டில் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமுக்குப் படிக்க வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். அலபாமா என்றதும் வீட்டில் பயப்படுகிறார்கள், நிறப் பாகுபாடு எப்படி, டிக்கெட்டில் ‘பர்மிங்காம்-ஷட்டில்ஸ்வொர்த்’ என்று இருக்கிறதே அது யார், கார் வேண்டுமா, அரிசி கிடைக்குமா, அட்வான்ஸ் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கார் இல்லாமல் இங்கே முடியாது. அரிசி கிடைக்கும். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க இந்த மாநிலச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை, அதனால் சென்னைக் கணக்கு போட்டுப் பயப்படாதீர்கள். பாகுபாடும் அந்தப் பெயரும் ஒரே கேள்விதான். அதற்கு மட்டும் நீளமாகச் சொல்கிறேன்.

ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் 1922-ல் அலபாமாவில் பிறந்த பாப்டிஸ்ட் பாஸ்டர். 1953 முதல் 1961 வரை ஊரின் வடக்கே காலேஜ்வில் பகுதியில் பெத்தேல் சபையை நடத்தினார். 1956-ல் கறுப்பினத்தவரின் தேசியச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.-க்கு அலபாமா நீதிமன்றம் ஒன்று தடை போட்டது. ஒரு வாரத்துக்குள், ஜூன் 5 அன்று, இவர் கூட்டம் போட்டு அலபாமா கிறிஸ்தவ மனித உரிமை இயக்கத்தைத் தொடங்கிவிட்டார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் இரவில் அவர் படுக்கையறைக்கு அடியில் டைனமைட் வெடித்தது. வீடே சரிந்தது, அவர் எழுந்து நடந்து வெளியே வந்தார். ஊரைவிட்டுப் போய்விடச் சொன்ன போலீஸ்காரரிடம், ஓடுவதற்காக ஆண்டவர் என்னைக் காப்பாற்றவில்லை என்றார். மறுநாள் காலையிலேயே ஆட்களைத் திரட்டிக்கொண்டு பஸ்ஸில் வெள்ளையர் இருக்கைகளில் போய் உட்கார்ந்தார். 1957 செப்டம்பரில் மகள்களை வெள்ளையர் பள்ளியான ஃபிலிப்ஸில் சேர்க்கப் போனபோது சங்கிலியால் அடித்தார்கள், மனைவி ரூபிக்கு இடுப்பில் கத்திக்குத்து.

தைரியத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அவர் வேலை செய்த முறையை. 1963 ஏப்ரல் 3 அன்று அவருடைய இயக்கத்து ஆட்கள் நகர மன்றத்துக்குப் போய் ஊர்வலத்துக்கும் மறியலுக்கும் அனுமதி கேட்டார்கள். போலீஸுக்குப் பொறுப்பான கமிஷனர் புல் கானர், அனுமதி கிடையாது, வேண்டுமானால் உங்களை நகரச் சிறைக்கு ஊர்வலமாக அனுப்பி வைக்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து ஷட்டில்ஸ்வொர்த் தந்தி மூலம் மறுபடி கேட்டார். கிடைக்காது என்று தெரிந்தும் கேட்டது, மறுத்ததற்கு எழுத்தில் சாட்சி வேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 12, புனித வெள்ளி அன்று மார்ட்டின் லூதர் கிங், அவருடைய தோழர் பாஸ்டர் அபர்நாத்தி இருவரோடும் 52 பேரை நடைபாதையில் கூட்டிப் போனார். நாலு தெரு தாண்டியதும் கைது. ஷட்டில்ஸ்வொர்த்துக்கு 90 நாள் கடுங்காவல்; 75 டாலர் அபராதமும் 24 டாலர் செலவும் கட்டாவிட்டால் இன்னும் 48 நாள்.

இதே ஊர்வலத்தில் இரண்டு வழக்கு கிளைத்தது. அனுமதிச் சட்டத்தை மீறிய வழக்கில் 1969-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்பதை அதிகாரியின் இஷ்டத்துக்கு விட்ட சட்டம் செல்லாது என்றது. ஆனால் ஊர்வலத்துக்கு நீதிமன்றம் தடையாணையும் பிறப்பித்திருந்தது. அதை மீறிய வழக்கில் 1967-ல் தோற்றார்கள், சிறைக்கும் போனார்கள். தடையாணை தப்பு என்றால் முதலில் நீதிமன்றத்தில் போய் அதை எதிர்த்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இந்த நாட்டில் நீதிமன்றக் காகிதம் எது வந்தாலும் ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் விஷயம். 1968 வீட்டுவசதிச் சட்டப்படி, பிறந்த நாட்டைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது. மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஒரு வருடத்துக்குள் புகார் தரலாம். உரிமையாளரே குடியிருக்கும் நாலு வீட்டுக்குள்ளான சிறு கட்டடங்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடனைத் திருப்பிக் கட்டிய பதிவு, கேட்பது மட்டும் பாகுபாடு ஆகாது. வேலையில் பாகுபாடு என்றால் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமாக இருந்தால் போதும், ஆனால் அலபாமாவில் புகார் தரக் கெடு 180 நாள்தான். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ‘விசா போய்விடும், வாயைத் திறக்காதே’ என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டு ஆறு மாதம் கழித்து விழிக்கிறார்கள். மறுத்தது போனில் என்றால், ‘இன்று நீங்கள் சொன்னபடி’ என்று ஆரம்பித்து அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

இங்கே வந்ததும் சிலர் உங்களிடம், அது கறுப்பர் பிரச்சினை, நமக்கென்ன, அந்தப் பக்கம் வீடு எடுக்காதே என்பார்கள். எனக்கு அது ஆத்திரமூட்டும் பேச்சு. 1965 வரை இந்தியாவிலிருந்து இங்கே குடியேற ஒதுக்கீடு வருடத்துக்கு 100 இடம். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான், மறு வருடமே, பிறந்த நாட்டை வைத்து ஆளை நிறுக்கும் அந்தக் குடியேற்ற முறையும் ஒழிந்தது. நாம் வந்த கதவு அது. 2015-ல் இதே மாநிலத்தில் மேடிசன் ஊரில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த குஜராத்திப் பெரியவர் ஒருவர் தெருவில் நடந்து போனார். சந்தேகத்துக்குரிய கறுப்பு ஆள் என்று பக்கத்து வீட்டார் போன் செய்ய, வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் தள்ளினார். உடம்பு ஓரளவு செயலிழந்தது. மத்திய நீதிமன்றத்தில் இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் நீதிபதி போலீஸ்காரரை விடுவித்தார். நமக்கென்ன என்று சொன்னவர்கள் அன்றைக்கு வாயடைத்துப் போனார்கள்.

ஷட்டில்ஸ்வொர்த் 1961-ல் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி சபைக்கு மாறினாலும் பர்மிங்காம் போராட்டத்துக்கு வந்துகொண்டே இருந்தார். 1963 மே மாதம் தீயணைப்புக் குழாயின் தண்ணீர் வேகத்தில் அவரைப் பதினாறாம் தெரு சபையின் சுவரோடு மோத வைத்ததும் அப்படி வந்திருந்தபோதுதான். 2008-ல் விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள், 2011-ல் காலமானார். வந்ததும் ஒரு சனிக்கிழமை, அந்தப் போராட்டம் நடந்த கெல்லி இங்கிராம் பூங்காவுக்குப் போய் வாருங்கள். எதிரே சிவில் உரிமை நிறுவனம் என்ற அருங்காட்சியகத்தின் வாசலில் அவர் சிலை இருக்கிறது. பெத்தேல் பழைய கட்டடத்துக்கும் போங்கள். காலேஜ்வில்லில் சரக்கு ரயில் நின்றால் வழி அடைபடலாம், நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.