மலைப்பூண்டு இருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 51 வயது. கொடைக்கானல் மலையில் பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். போன மாதம் ரத்தப் பரிசோதனை எடுத்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எல்.டி.எல். 172, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 190 என்று வந்தது. சர்க்கரையும் பிரஷரும் இல்லை. டாக்டர் கொலஸ்ட்ரால் குறைய அட்டோர்வாஸ்டாட்டின் என்ற மாத்திரை 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். இருபது நாள் போட்டுவிட்டு, "நம்ம காட்டுப் பூண்டைவிடவா ஒரு மருந்து?" என்று நிறுத்திவிட்டார். இப்போது தினமும் வெறும் வயிற்றில் ஆறு பல் பச்சைப் பூண்டைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். என் அம்மா வீடு பண்ணைக்காடு. அங்கிருந்து பட்டர் புரூட் (அவகாடோ) வந்தால், பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறது என்று தொடுவதில்லை. காபித்தூளும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் கடுங்காபி குடிப்பார். எங்கள் இருவருக்கும் 24 வயது மகனுக்குமாக மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் ஆகிறது, பெரும்பாலும் பாமாயில். மாமனார் 52 வயதில் மாரடைப்பில் தவறிவிட்டார். அதனால் பயமாக இருக்கிறது. பூண்டு போதுமா? நான் என்ன சமைக்கட்டும்?
- பூம்பாறை வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த நான்கு லிட்டர் கணக்கு. கொலஸ்ட்ரால் என்றதும் எதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ரத்தத்தில் எண் இறங்கும். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த எண்ணெயிலேயே இருக்கிறது. ஆனாலும் பூண்டை முதலில் பேசிவிடலாம். உங்கள் வீட்டுக்காரர் காத்திருப்பது அதற்குத்தான்.

மலைப்பூண்டின் மேல் அவருக்கு இருக்கும் பெருமை நியாயமானது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. பல்லை நசுக்கியதும் மூக்கில் ஏறுகிறதே, அந்த நெடிக்குக் காரணமான அல்லிசின் என்ற கந்தகப் பொருளை ஆராய்ச்சியாளர்களும் பல வருடம் துருவித் துருவிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு சோதனை நடத்தி 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு கூடியிருந்த 192 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டு, இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு விதமான பூண்டு மாத்திரைகள், நான்காவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வாரத்தில் ஆறு நாள் வீதம் ஆறு மாதம் கொடுத்து, மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பிரிவிலும் எல்.டி.எல். குறிப்பிடும்படி இறங்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய வேறு சிலர் சிறிய இறக்கம் தெரிகிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சிறிய இறக்கத்தை நம்பி 172-ஐ விட்டுவைக்க முடியாது.

பூண்டு ரசத்தில், குழம்பில், பாலில் வெந்து தாராளமாக வரட்டும். வெறும் வயிற்றில் ஆறு பச்சைப் பல் வேண்டாம். வயிறு எரியும். பச்சைப் பூண்டு அதிகமானால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும், பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போகிறவர்களும் பூண்டு சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரை கெமிக்கல், பூண்டு இயற்கை என்று அவர் சொல்லக்கூடும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே காளான்களின் மேல் ஆசை வைத்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, சுமார் 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1973-ல் ஒரு பூஞ்சையிலிருந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளில் முதலாவதைப் பிரித்தெடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் பாதியில் நிறுத்திய மாத்திரை அந்த வழியில் வந்ததுதான்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். அதற்கு முன் எல்.டி.எல். என்றால் என்ன என்பது தெரிய வேண்டும். கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு ரத்தத்தில் ஓடும் லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓடுவதில் தப்பில்லை. கொலஸ்ட்ரால் உடம்புக்குத் தேவைதான், பெரும்பகுதியை உடம்பே தயாரித்தும் கொள்கிறது. ஓடிய லாரியைக் கடைசியில் கல்லீரல் பிடித்து இறக்க வேண்டும். அதற்குக் கல்லீரலின் மேல் லோடுமேன்கள் மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆட்கள் குறைந்தால் என்ன ஆகும்? லாரிகள் இறக்காமலே சுற்றிக்கொண்டிருக்கும், நாளடைவில் ரத்தக்குழாய்ச் சுவரில் சரக்கு ஒதுங்கும். பாமாயில், தேங்காய் எண்ணெய், வெண்ணெய் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பை (சாச்சுரேட்டட் ஃபேட்) நிறையச் சாப்பிட்டால் கல்லீரலில் இந்த ஆட்கள் குறைவார்கள். மாத்திரை அவர்களைக் கூட்டுகிறது. பயறும் பீன்ஸும்கூட அதே வேலையைக் கொஞ்சம் செய்கின்றன.

இப்போது உங்கள் நான்கு லிட்டரைப் பிரிப்போம். மூன்று பேர், முப்பது நாள் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 44 மில்லி, எடையில் ஏறக்குறைய 40 கிராம். பாமாயிலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. எல்லாமே பாமாயில் என்று வைத்தால், எண்ணெயிலிருந்து மட்டும் 16 கிராம் உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் வரம்பு மொத்தச் சக்தியில் 10 சதவீதம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். பால், தேங்காய், கறி, முட்டை எல்லாம் மிச்சம் இருக்கும் ஆறு கிராமுக்குள் அடங்குமா? அடங்காது.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த ஒரு லிட்டர் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அதைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கடையில் வாங்கும் மற்ற மூன்று லிட்டரை முதலில் நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அரை லிட்டர் வாங்குங்கள். மூன்று பேருக்கு மாதம் ஒன்றரை லிட்டர், அதாவது ஆளுக்கு அரை லிட்டர், என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அளவும் குறைந்து வகையும் மாறிவிட்டால், எண்ணெய் வழியாக வரும் நிறைவுற்ற கொழுப்பு 16 கிராமிலிருந்து நான்கைந்து கிராமுக்கு வந்துவிடும். முதல் தேதியிலேயே எண்ணெயைத் தனிப் பாட்டிலில் ஊற்றிக் கோடு போட்டுவிடுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றினால் கை நிற்காது. தேங்காய் எண்ணெயைச் செக்கில் ஆட்டி வாங்கினாலும் அதன் கொழுப்பில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றதுதான். செக்கு அதை மாற்றாது.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது? பீன்ஸ். பட்டர் பீன்ஸ், முருங்கை பீன்ஸ், பச்சைப் பட்டாணி, ராஜ்மா என்று மலையில் இதற்குப் பஞ்சமே இல்லை. காய்த்ததை எல்லாம் மூட்டையில் கட்டி ஒட்டன்சத்திரத்துக்கு ஏற்றிவிட்டு, வீட்டில் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மனசு கேட்பதில்லை. பட்டர் பீன்ஸை வேகவைத்து விரலால் நசுக்கினால் கொழகொழவென்று பசை மாதிரி வருகிறதே, அதில் இருக்கும் கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது. பித்தநீர் குறைந்தால் கல்லீரல் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்கான மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். உடனே கல்லீரல் ஆட்களைக் கூட்டி, ரத்தத்தில் சுற்றும் லாரிகளைப் பிடிக்கிறது. தினமும் முக்கால் கப் வெந்த பயறோ பீன்ஸோ சாப்பிட்டால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் இறங்கும் என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. 5 தானா என்று நினைக்காதீர்கள். எண்ணெய் மாற்றம், பீன்ஸ், காபி மாற்றம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

சமைக்கும்போது ஒரு விஷயம். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் காய்ந்த பயறு நறுக்கென்றுதான் இருக்கும். வாயுத் தொல்லைக்கு அந்த அரைவேக்காடும் ஒரு காரணம். ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் குழைய வேகவிடுங்கள். ராஜ்மா என்றால் குக்கர் கட்டாயம். சரியாக வேகாத ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும். பெருங்காயமும் இஞ்சியும் சேருங்கள். முதல் வாரம் கால் கப்பில் ஆரம்பித்தால் வயிறு பழகிக்கொள்ளும்.

பட்டர் புரூட்டைக் கண்டு அவர் ஒதுங்க வேண்டியதே இல்லை. வெண்ணெய் அதன் பெயரில் மட்டும்தான். செடி கொடி மரத்தில் விளையும் பழத்தில் கொலஸ்ட்ரால் கிடையாது. 100 கிராம் சதையில் 15 கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு, ஆனால் பெரும்பகுதி கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் அதே ஒலீயிக் வகை. கூடவே ஏழு கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கும் நாளில், பாதிப் பழத்தை உப்பு, பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டு மசித்து வையுங்கள். தேங்காய் போன இடத்தில் இது வந்தால் லாபம். தேங்காயும் இருக்க இதுவும் சேர்ந்தால் எடைதான் கூடும். ஜூஸ் கடையில் பாலும் சர்க்கரையும் கொட்டி அடித்துத் தருவதை அவருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

காபி விஷயம் பலருக்கும் தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் தூளைப் போட்டு, இன்னும் இரண்டு கொதி விட்டு, தூள் அடியில் படிந்ததும் தெளிந்ததை ஊற்றுவதுதானே கடுங்காபி? காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. எல்.டி.எல்.-ஐ அது நேரடியாக ஏற்றும். கொதிக்க வைத்த காபியில்தான் அது அதிகம். காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். நெருக்கமான துணியை இரண்டாக மடித்து வடிகட்டினாலும் நன்றாகக் குறையும். அந்தத் துணியில் பளபளவென்று எண்ணெய் ஒட்டியிருப்பதை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாறு டம்ளரை இரண்டாகக் குறைத்து, அதையும் வடிகட்டிக் குடிக்கட்டும்.

பேக்கரிப் பண்டங்களை நீண்டு பேச வேண்டியதில்லை. எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனாலும் பப்ஸும் வர்க்கியும் மைதாவும் கெட்டிக் கொழுப்பும்தான். மாதத்தில் ஒரு நாள் போதும். ஆட்டுக்கால் சூப் உங்கள் குளிருக்கு வேண்டியதுதான். முந்தின நாள் ராத்திரியே வைத்துவிடுங்கள். பூம்பாறைக் குளிரில் விடிவதற்குள் மேலே வெள்ளையாக ஓர் ஏடு உறைந்து நிற்கும். அதைக் கரண்டியால் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டுச் சுடவைத்துக் கொடுங்கள். முட்டை ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு அவருக்கு 190 என்று கூடியதற்கும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 38 என்று குறைந்ததற்கும் காரணம் வேறு பக்கம் இருக்கலாம். தட்டு நிறைய வெள்ளைச் சோறு, காபிச் சர்க்கரை, இப்போது பூண்டோடு போகும் தேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் பீடியோ மதுவோ இருந்தால் அதுவும்தான். பீடி எச்.டி.எல்.-ஐக் குறைக்கும், மது டிரைகிளிசரைடை ஏற்றும். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அங்கே பீன்ஸ் பொரியலை வையுங்கள். வாரத்தில் சில நாள் சாமையோ கேழ்வரகோ சமையுங்கள். அப்புறம், தைராய்டு மந்தமாக இருந்தாலும் எல்.டி.எல். கூடும். டி.எஸ்.எச். பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் சாப்பாட்டால் மட்டும் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கக்கூடும். 172 என்பது 150 பக்கம் வரும். 52 வயதில் அப்பாவை மாரடைப்பில் இழந்தவருக்கு 150 போதாது. அதனால்தான் மாத்திரையை விட வேண்டாம் என்கிறேன். அந்த 10 மி.கி. மாத்திரை தனியாகவே 30 சதவீதத்துக்கு மேல் இறக்கக்கூடியது. டாக்டரிடம் நேராகப் போய், "இருபது நாளில் நிறுத்திவிட்டேன், மறுபடி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கட்டும். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம், தினமும் இப்படி வருகிறவர்களைப் பார்க்கிறவர்தான். தசை வலியால் நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லட்டும், அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். கீழ்மலையிலிருந்து பம்பளிமாஸ் வந்தால் மட்டும் கவனம். அந்த இனப் பழங்கள் இந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடக்கூடும். கமலா ஆரஞ்சு பிரச்சினை இல்லை.

மகனுக்கும் ஒரு முறை கொலஸ்ட்ரால் பாருங்கள். 24 வயசுதானே என்று விடாதீர்கள். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தது அவனிடமும் இருக்கலாம்.

இன்னொன்று. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, குளிரிலும் வியர்வை என்று என்றைக்காவது வந்தால், பூண்டு, கஷாயம், வாயு மருந்து என்று ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகள் இருக்கின்றன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய அந்த மூன்றும் மலை இறங்கும் நேரத்தில் உயிரைக் காக்கும். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம் எது, ராத்திரியில் அங்கே யார் இருப்பார்கள் என்பதை இந்த வாரமே விசாரித்து, அந்த நம்பரை மூன்று பேர் போனிலும் ஏற்றிவையுங்கள்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ரத்தம் கொடுங்கள். டிரைகிளிசரைடு சரியாகத் தெரிய வேண்டும் என்றால் முந்தின ராத்திரி சாப்பிட்டபின் பத்து மணி நேரம் தண்ணீர் மட்டும் போதும். அந்த ரிப்போர்ட்டோடு எண்ணெய்ப் பாட்டிலில் கோடு எங்கே நிற்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.