மலையில்லாத ஊரில் மவுண்டன் பைக் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் காரைக்காலில் பிறந்தவன், இப்போது பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறேன். வயது 43. போன வருஷம் ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். நண்பர்களோடு ஆல்ப்ஸ் போனபோது லிஃப்டில் சைக்கிளை மேலே ஏற்றிக்கொண்டுபோய், அங்கிருந்து இறங்கச் சொன்னார்கள். இரண்டு தடவை இறங்கினேன். பயம்தான் இருந்தது, சந்தோஷம் இல்லை. வட பிரான்ஸ் கிராமப் பாதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பிப்ரவரியில் தனியாக மோந்த்ரெய் பக்கம் வந்தேன். அரை மணி நேரத்தில் சேறு சக்கரத்தை அடைத்துவிட்டது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வயல் நடுவே ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்தி, "இது என் நிலம், திரும்பிப் போ" என்று கத்தினார். வரைபடத்தில் அங்கே பாதை இருக்கிறது. நான் செய்தது தப்பா? "வடக்கே என்ன இருக்கிறது, தட்டையான பீட்ரூட் வயல்தானே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜூன் இரண்டாவது வாரம் எனக்கு லீவு. மறுபடி வரலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள தம்பி,

அவசியம் வாருங்கள். முதலில் அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மாட்டிக்கொண்ட மேட்டு நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தின் டோவரில் வெள்ளையாக நிற்கிறதே, அதே பாறைதான். அதன்மேல் பனியுகக் காற்று அள்ளிவந்து கொட்டிய பொடிமண் கனமாகப் படிந்திருக்கிறது. கோதுமைக்கும் சர்க்கரை பீட்ரூட்டுக்கும் அருமையான மண். ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை அது பசை. டயரில் ஒட்டும், ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு நடுவே இடம் அடைபட்டதும் சக்கரம் நின்றுவிடும். 1415 அக்டோபர் 25 அன்று, மோந்த்ரெய்க்குக் கிழக்கே ஒரு நாள் சைக்கிள் தூரத்தில் இருக்கும் அஸான்கூரில், கவசம் பூண்ட பிரெஞ்சுப் பிரபுக்கள் இதே மாதிரி மண்ணில்தான் சிக்கினார்கள். புதிதாக உழுத வயல், முந்தின இரவு மழை. ஐந்தாம் ஹென்றியின் சிறிய ஆங்கிலேயப் படை வென்றதற்கு நீள்வில் ஒரு காரணம், சேறு இன்னொரு காரணம். அங்கே இன்றைக்கும் விவசாயம் நடக்கிறது. ஒரு நவம்பரில் அந்த வயலோரமாகப் பத்தடி நடந்து பார்த்தேன், ஷூ ஒவ்வொன்றும் செங்கல் கனம் கனத்தது.

ஜூனில் இதே மண் காய்ந்து சிமெண்ட் தரைபோல இறுகியிருக்கும். அப்போதும் மழை பிடித்துக்கொண்டால் மேட்டை விட்டுக் காட்டுக்குள்ளோ ஆற்றோரத்துக்கோ இறங்கிவிடுங்கள். சுண்ணக்கல் வெளியே தெரிகிற சரிவில் மட்டும் ஜாக்கிரதை, நனைந்தால் சோப்புக்கட்டிமேல் போவது மாதிரி இருக்கும்.

சரி, தட்டை என்கிற பேச்சுக்கு வருவோம். பெரிய சாலைகள் பெரும்பாலும் மேட்டின் முதுகிலேயே ஓடுகின்றன. காரில் போகிறவர்களுக்குப் பீட்ரூட்டும் காற்றாலையும்தான் கண்ணில் படும். பா-து-கலே மாவட்டத்தின் உச்சியே 210 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கான்ஷ், ஓத்தீ, தெர்னுவாஸ், கூர்ஸ் என்று ஆறுகள் அந்த மேட்டை ஆழமாக அறுத்துவைத்திருக்கின்றன. இந்தப் பகுதியின் பெயரே செத் வாலே, ஏழு பள்ளத்தாக்குகள். ஒன்றில் இறங்கி அடுத்ததற்குப் போக எண்பது, நூறு மீட்டர் ஏற வேண்டும். 40 கிலோமீட்டருக்குள் அப்படி எட்டு மேடு ஏறினால் 700 மீட்டர் ஏறியிருப்பீர்கள். எந்த மேடும் பத்து நிமிஷத்துக்கு மேல் நீளாது. லிஃப்ட் இல்லை. இறங்குகிற ஒவ்வொரு மீட்டரும் உங்கள் காலால் ஏறிய மீட்டர். ஆல்ப்ஸில் உங்களுக்குக் கிடைக்காதது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டுப்புறத்தின் உயிரே குழிப்பாதைகள்தான். இங்கே க்ரூஸ் என்பார்கள். கான்ஷின் தென்சரிவில் ஒன்று இருக்கிறது, பதினாலு வருஷமாக வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது அதில் இறங்குகிறேன். மேலே வெயில், முகத்தில் அடிக்கும் மேல்காற்று. பாதை வயலைவிட்டுச் சரியத் தொடங்கும். பத்துச் சுற்று பெடல் மிதிப்பதற்குள் இரண்டு பக்கமும் மண்சுவர் தோள் உயரத்துக்கு வந்துவிடும், அப்புறம் தலைக்கு மேலே போய்விடும். ஹேசல் கிளைகள் பின்னி மேலே கூரை போட்டிருக்கும். காற்று அடங்கி, செயின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். சுவரின் வெள்ளைச் சுண்ணத்தில் சிக்கிமுக்கிக் கற்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும், உடைந்த முகம் கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளக்கும். நிழலான மூலையில் நாக்கு மாதிரி நீண்ட இலையோடு பெரணிச்செடிகள். பேட்ஜர் என்கிற விலங்கு தோண்டிய வளையிலிருந்து வெள்ளைப் பொடி பாதைவரை சரிந்து கிடக்கும். இந்தப் பாதையை யாரும் வெட்டவில்லை. பல நூறு வருஷம் வண்டிச் சக்கரம் மண்ணைக் கிளற, மழை அதை அடித்துக்கொண்டுபோக, கொஞ்சம் கொஞ்சமாக நாலு மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. பெடல்மேல் எழுந்து நின்றுகொண்டு, பிரேக்கை ஒரு விரலால் தொட்டபடி, பார்வையைப் பத்து மீட்டர் முன்னால் வைத்து இறங்குங்கள். கீழே ஆறு. சுண்ணக்கல்லில் ஊறி வருகிற தண்ணீர், அடிக்கல் எண்ணலாம். ஜூலையிலும் கைவிட்டால் விரல் சில்லிட்டுப்போகும்.

இனி அந்த விவசாயி விஷயம். நீங்கள் செய்தது தப்பா என்பது, நின்றது எந்தப் பாதை என்பதைப் பொறுத்தது. ஷெமன் ரூரால் என்கிற கிராமப் பாதை ஊருக்குச் சொந்தம், பொதுமக்கள் நடமாட்டத்துக்கானது. நடக்கலாம், சைக்கிள் விடலாம். அதை உழுவது சட்டப்படி குற்றம். இன்னொரு வகை, வயலுக்குப் போய்வர நிலக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பாதை. அதன் சொந்தக்காரர்கள் மற்றவர்களைத் தடுக்கலாம். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நாம் கையில் வைத்திருக்கும் ஐஜிஎன் (அரசு நில அளவை நிறுவனம்) வரைபடத்திலும் இரண்டும் ஒரே மாதிரிக் கோடுதான். நிலப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். அது மேரியில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிய வயல்களாக ஆக்கினார்கள். அப்போது வேலிப்புதரும் பாதையும் ஏராளமாக அழிந்தன. மிச்சமிருப்பதும் ஓசையில்லாமல் தேய்கிறது. கிராமப் பாதை ஊரின் தனிச்சொத்து வகையில் வருவதால், ஒருவர் அதை 30 வருஷம் தடையில்லாமல் தன் நிலமாக அனுபவித்துவிட்டால் உரிமை கோர முடியும். யாரும் போகாத பாதையை ஊரே விற்கவும் வழி உண்டு. 2022இல் வந்த ஒரு சட்டம், ஊர்கள் தங்கள் பாதைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினால் அந்த 30 வருஷக் கணக்கு அங்கே நிற்கும்படி செய்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் கணக்கெடுக்க முதலில் யாராவது அந்தப் பாதையை ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே.

அராஸ் நகருக்கு மேற்கே ஒரு பாதை எனக்குப் பழக்கம். முதல் வருஷம் மூன்று மீட்டர் அகலம் இருந்தது. அடுத்த வருஷம் ஒரு மீட்டர். அதற்கடுத்த மே மாதம் போனால் கோதுமை, பாதை இருந்த தடமே இல்லை. வயலோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், தொண்டையை அடைத்தது. அந்த ஊரில் வாராவாரம் நடக்கப்போகும் நாலைந்து பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு மேரிக்குப் போனோம். மேயர் பதிவேட்டை விரித்தார். பாதை இருந்தது, ஊருக்குச் சொந்தம். மேயரே போய் நிலக்காரரிடம் பேசினார், யாரும் சண்டை போடவில்லை. அறுவடை முடிந்து செப்டம்பரில் போனபோது அங்கே புல் முளைத்திருந்தது. அன்றைக்கு அந்த 600 மீட்டரை மூன்று தடவை மேலும் கீழும் ஓட்டினேன்.

ஆகவே உங்களைப் பார்த்துக் கத்தியவர்மேல் கோபம் வேண்டாம். குளிர்காலத்தில் மோட்டார் பைக்குகள் வந்து பாதையைக் கிழித்துவிட்டுப் போகின்றன, அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவராக இருக்கலாம். டிராக்டர் வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள், போன்ழூர் சொல்லுங்கள், எங்கே போகிறீர்கள் என்று சொல்லி வழி கேளுங்கள். எனக்குப் பாதி குழிப்பாதைகளைக் காட்டிக்கொடுத்தவர்களே விவசாயிகள்தான்.

வழி தெரியாத பயம் இருந்தால், சைக்கிள் கழகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் ரான்தோ என்கிற கூட்டுச் சவாரியில் சேர்ந்துகொள்ளுங்கள். சில யூரோதான். 20, 35, 50 கிலோமீட்டர் என்று அம்புக்குறி போட்டு வைத்திருப்பார்கள், நடுவழியில் ஏதாவது கொட்டகையில் சூடான காபியும் ரொட்டியும் கிடைக்கும். சாதாரண நாளில் நுழைய முடியாத தனியார் காடுகளுக்கும் அன்றைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருப்பார்கள். மற்ற நாட்களுக்கு, ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட அடையாளத்தைத் தேடுங்கள், மவுண்டன் பைக் பாதைக்கான குறி அது. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும். நீலத்தில் தொடங்குங்கள்.

டயருக்கு உள்ளே சீலன்ட், அதாவது பஞ்சர் ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றிக்கொண்டு வாருங்கள். இங்கே வேலியெல்லாம் ஹாதார்ன் என்கிற முள்மரம். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், மானியம் வாங்கும் விவசாயிகள் மார்ச் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை வேலியைக் கத்தரிக்கக் கூடாது. அதனால் ஜூனில் பாதையில் முள் குறைவு. இலையுதிர் காலத்தில் வந்தால் பஞ்சர்தான். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடியும்வரை வேட்டைக் காலமும்கூட, "வேட்டை நடக்கிறது" என்ற பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். பல கிராமங்களில் கடையே கிடையாது, இருக்கிற பேக்கரியும் மத்தியானம் மூடிவிடும். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழாய் இருக்கும், குடிக்கலாமா என்று பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் ரயில் ஏறி அமியேன் வழியாக எதாப்ல் வந்துவிடுங்கள். ஊருக்கு வெளியே முதல் உலகப் போரின் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடலைப் பார்த்துக் கிடக்கிறார்கள். வடிவமைத்தவர் லட்யன்ஸ், புது டெல்லியை வரைந்தவர்களில் ஒருவர். அங்கே கொஞ்ச நேரம் இறங்கி நில்லுங்கள். அப்புறம் கான்ஷ் ஓரமாகவே மோந்த்ரெய். முழுப் பெயர் மோந்த்ரெய்-சுர்-மேர், கடலோர மோந்த்ரெய் என்று இருந்தாலும் ஆற்று மண் மூடி, கடல் எப்போதோ விலகிப்போய்விட்டது. இரவு அங்கே தங்கி, மறுநாள் வடக்கே கூர்ஸ் பள்ளத்தாக்கு. மூன்றாவது நாளுக்கு எதேன் காடு.

ஜூன் இரண்டாவது வாரம் என்றீர்களே, அது ஆளிச்செடி பூக்கும் பருவம். லினன் துணிக்கான நார் இந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. இந்தக் கடலோர மேட்டு நிலங்கள் அதற்குப் பேர்போனவை. மார்ச், ஏப்ரலில் விதைத்து, ஜூலையில் அறுக்காமல் வேரோடு பிடுங்கி, பனியிலும் மழையிலும் ஊறட்டும் என்று வயலிலேயே பரப்பிவிடுவார்கள். பூ வெளிர்நீலம், ஐந்து இதழ். ஒரு பூவுக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆயுசு. சூரியன் வந்ததும் வயல் முழுக்க நீலமாகும், காற்றடித்தால் தண்ணீர்போல அலையும். மத்தியானத்துக்குள் இதழ்கள் உதிர்ந்து வயல் பழையபடி பச்சையாகிவிடும். பேக்கரி திறந்ததும் ரொட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்குள் மேட்டில் இருக்க வேண்டும்.