கூண்டில் நிற்பவர் ஒருவர்தான்: குற்ற வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் முப்பது ஆண்டுகளாக வாதாடி வருகிறேன். எந்த நாட்டுக்கும் பொதுவான கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நடந்துகொண்டிருக்கும் சொந்த வழக்கை இங்கே அவிழ்க்க வேண்டாம்.

கேள்வி: கொலை வழக்கில் கைதானவரையே ஜாமீனில் விட்டுவிடுகிறார்கள். பிறகு விசாரணை எதற்கு?

பதில்: ஜாமீன் விடுதலை ஆகாது. தீர்ப்பு வரும்வரை வெளியே இருக்கலாம், அழைத்த தேதியில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஓடிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா என்றுதான் அப்போது முக்கியமாகப் பார்ப்பார்கள். குற்றம் நிரூபணமாகிறதா என்பது விசாரணையில் தெரியவேண்டியது.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): ஐயா, செய்யாத குற்றத்தை ஒருவர் எதற்காக ஒப்புக்கொள்ள வேண்டும்?

பதில்: தூங்கவிடாத இரவு, பயம், ‘கையெழுத்து போட்டால் வீட்டுக்குப் போகலாம்’ என்ற ஆசை வார்த்தை. பலருக்கு இவையே போதும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு அருகே 1983-இல் ஒரு சிறுமியும் 1986-இல் இன்னொரு சிறுமியும் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது கொலையைச் செய்ததாக 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டான். முதல் கொலையையும் அவன்தான் செய்திருப்பான் என்று நம்பிய போலீசார், மரபணுச் சோதனையை அப்போதுதான் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரீஸிடம் மாதிரிகளை அனுப்பினார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் இல்லை என்று முடிவு வந்தது. உண்மையான கொலையாளி 1988-இல் தண்டிக்கப்பட்டான். அந்தச் சோதனை ஒரு கொலை வழக்குக்குள் வந்ததும் முதலில் காப்பாற்றியது ஒரு நிரபராதியை.

ஆகவே, படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்து போடாதீர்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற காவல் அதிகாரி): ஒப்புதல் வாக்குமூலம் போகட்டும். நேரில் பார்த்த சாட்சியையும் சந்தேகித்தால் யாரைத்தான் தண்டிப்பது? சாட்சிக்குப் பொய் சொல்லி என்ன லாபம்?

பதில்: பொய் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கிவிடலாம். எனக்குப் பயம், உண்மையாகவே நம்பித் தவறாகச் சொல்லும் சாட்சியிடம்தான்.

லண்டனில் அடால்ஃப் பெக் என்பவரை 1896-இல் மோசடி வழக்கில் தண்டித்தார்கள். பெண்களிடம் பிரபு போல நடித்து நகைகளைச் சுருட்டியவர் இவர்தான் என்று பல பெண்கள் அடுத்தடுத்து வந்து கைநீட்டினார்கள். 1877-இல் இதே மோசடிக்காகச் சிறை சென்ற ஜான் ஸ்மித் இவரே என்று போலீஸ்காரர் ஒருவரும் உறுதி சொன்னார். 1877-இல் தென் அமெரிக்காவில் இருந்தேன் என்று பெக் சொன்னது எடுபடவில்லை. ஏழு ஆண்டு தண்டனை. 1898-இல் சிறைப் பதிவேட்டைப் புரட்டியபோது ஸ்மித்துக்குச் சுன்னத்து செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. பெக்குக்கு அது இல்லை. விடுதலை செய்தார்களா? ஸ்மித்தின் பழைய தண்டனை இவருடையது இல்லை என்று சிறை எண்ணை மட்டும் மாற்றினார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவரை 1904-இல் அதே புகாரில் மறுபடியும் பிடித்து, மறுபடியும் குற்றவாளி என்றார்கள். தண்டனை அறிவிக்கக் காத்திருந்த நாட்களில் நிஜமான ஆள் சிக்கியதால்தான் பெக் பிழைத்தார். அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகுதான் 1907-இல் இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சட்டம் வந்தது.

கேள்வி: ஜாமீன் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்ததுதானே?

பதில்: இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (அதே அதிகாரி): நூறு ஆண்டுக்கு முந்தைய கதையைச் சொல்கிறீர்கள். இப்போது அடையாள அணிவகுப்புக்கு, அதாவது பலரை வரிசையாக நிறுத்திச் சாட்சியை ஆள் காட்டச் சொல்வதற்கு, முறையான விதிகள் இருக்கின்றன.

பதில்: இருக்கின்றன. அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யாரென்று தெரியக்கூடாது. ‘குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்று அந்த நிமிடமே கேட்டு எழுத வேண்டும். கடைசி விதிதான் எனக்கு முக்கியம். என் வழக்கு ஒன்றில் அணிவகுப்பின்போது ‘இவர் மாதிரி இருக்கிறது’ என்ற பெண்மணி, இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் ‘சந்தேகமே இல்லை, இவர்தான்’ என்றார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. இடையில் என் கட்சிக்காரரின் முகத்தைச் செய்தித்தாளில் எத்தனை முறை பார்த்தாரோ! போதாததற்கு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஒருவர்தான். வேறு யாரைக் காட்டுவார்?

கேள்வி: ஜப்பானில் 99 சதவீதத்துக்கும் மேல் தண்டனை கிடைக்கிறதாமே. மற்ற நாடுகள் ஏன் கற்றுக்கொள்ளக் கூடாது?

பதில்: அங்கே உறுதியாக ஜெயிக்கும் வழக்குகளைத்தான் அரசுத் தரப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறது. மற்றவை வாசலுக்கே வராது. குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஒருவரை 23 நாள் வரை காவலில் வைக்கலாம். அந்த 23 நாளில் ஒப்புதல் பிறக்கிறது. விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டின் நீதியை எடைபோடாதீர்கள். அமெரிக்காவிலும் தண்டனைகளில் பெரும்பாலானவை விசாரணையே இல்லாமல், ‘ஒப்புக்கொள், குறைத்துத் தருகிறோம்’ என்ற பேரத்தில் முடிகின்றன. அங்கேயும் கையெழுத்துதான். படித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: பழைய காலத்தில் அரசன் உடனுக்குடன் நீதி வழங்கினான். இன்று வாய்தா மேல் வாய்தா.

பதில்: தாமதம் கொடுமைதான். சாட்சி இறந்துபோவார், மறந்துபோவார், விலைக்கும் போவார். ஆனால் உடனடி நீதிக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த வழக்கு கோவலன் வழக்கு. பொற்கொல்லன் சொல் ஒன்றே சாட்சி. கோவலனை எதுவும் கேட்கவில்லை. சிலம்பை உடைத்து உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்தது அவன் உயிர் போன பிறகு.

கேள்வி: என் மைத்துனர் மீது பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில்...

பதில்: இங்கேயே நிறுத்துங்கள். நேரே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். அதற்குள் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: ஜாமீனில் வந்தவரை நிரபராதி என்று சொல்லலாமா?

பதில்: தீர்ப்பு வரும்வரை உள்ளே இருப்பவரையும் சட்டம் அப்படித்தான் கருதுகிறது. ஜாமீன் பற்றி இதோடு போதும்.

கேள்வி (அதே அதிகாரி): விடமாட்டேன். ஒரு வழிப்பறி வழக்கில் மூன்று சாட்சிகள் தனித்தனியாக வந்து ஒரே ஆளைக் காட்டினார்கள். அதையும் தவறு என்பீர்களா?

பதில்: தெரியாமல் சொல்லமாட்டேன். அணிவகுப்புக்கு முன்னால் மூவரும் எங்கே காத்திருந்தார்கள்?

அதிகாரி: வெளியே பெஞ்சில்.

பதில்: ஒரே பெஞ்சிலா?

அதிகாரி: நிலையத்தில் இருந்ததே ஒரு பெஞ்சுதான், ஐயா.